குடிநீர்த் தேர்வு

குடிநீர்த் தேர்வு என்பது அன்றாடம் பருகும் நீரை எந்த மூலத்திலிருந்து எடுப்பது, எவ்வாறு தூய்மை செய்வது, எப்படிச் சேமித்து வைப்பது ஆகியவற்றை முடிவு செய்வதைக் குறிக்கும். குழாய்நீர், கிணற்றுநீர், ஆழ்துளைக் கிணற்றுநீர், மழைநீர், கேன்களிலும் குப்பிகளிலும் அடைத்து விற்கப்படும் நீர், வீட்டுக் கருவிகளால் வடிக்கப்பட்ட நீர் எனப் பல வகை நீர் இன்று பயன்பாட்டில் உள்ளன. இவற்றுள் உடல்நலத்துக்கு மிகவும் உகந்தது எது என்ற கேள்விக்கு வகையின் பெயரை மட்டும் கொண்டு விடை கூற இயலாது. ஒரே ஊரில் ஒரு தெருவின் கிணறு நன்னீராகவும் அடுத்த தெருவின் கிணறு பருகத் தகாததாகவும் இருப்பது உண்டு. குறிப்பிட்ட நீரில் உள்ள குறை எது என அறிந்து, அக்குறையை நீக்கும் முறையைக் கையாள்வதே சரியான தேர்வாகும். குறை ஒன்றாகவும் மருந்து வேறாகவும் அமைந்தால் பணம் செலவாவதோடு தீங்கும் தொடரும்.

சுவையும் தெளிவும்

நீரின் தரத்தை மக்கள் பொதுவாக நிறம், மணம், சுவை ஆகியவற்றால் மதிப்பிடுகின்றனர். கலங்கிய நீரையும் நாற்றமடிக்கும் நீரையும் ஒதுக்குவது சரியே. ஆனால் தெளிவாகவும் சுவையாகவும் இருக்கும் நீர் பாதுகாப்பானது என்று கொள்வது பெரும் பிழையாகும்.

இதற்கு மருத்துவ வரலாற்றில் நன்கு அறியப்பட்ட சான்று ஒன்று உள்ளது. 1854 ஆம் ஆண்டு இலண்டன் நகரின் சோகோ பகுதியில் வாந்திபேதி (காலரா) பரவியபோது, மருத்துவர் சான் சுனோ இறந்தவர்களின் வீடுகளை ஆராய்ந்து, பிராட் தெருவில் இருந்த அடிகுழாயே நோயின் ஊற்று எனக் கண்டறிந்தார். அத்தெருவிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் ஆம்புசிடெட் பகுதியில் வாழ்ந்த ஒரு கைம்பெண்ணும் அந்நோயால் இறந்திருந்தார். அவர் முன்பு பிராட் தெருவில் வசித்தவர். அக்குழாய் நீரின் சுவையை விரும்பி, அதை நாள்தோறும் குப்பியில் வரவழைத்துப் பருகி வந்தார். அவர் வாழ்ந்த பகுதியில் அப்போது வாந்திபேதி இல்லை. சுவையை நம்பித் தொலைவிலிருந்து வரவழைத்த நீரே அவர் உயிரைக் கொண்டது.

தமிழகத்தில் கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேற்றான் கொட்டையைப் பானையின் உட்புறம் இழைத்து விடும் வழக்கம் தொன்மையானது. கலித்தொகையிலேயே இவ்வழக்கம் உவமையாக ஆளப்பட்டுள்ளது. இக்கொட்டை நீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்களைத் திரளச் செய்து அடியில் படியவைக்கிறது. படிகாரமும் இதையே செய்கிறது. துகள்களோடு நுண்ணுயிரிகளில் ஒரு பகுதியும் அடியில் படியும் என்றாலும், தெளிந்த நீர் நோயற்ற நீராகி விடுவதில்லை. தெளியவைத்தல் தூய்மை செய்தலின் முதற்படி மட்டுமே.

நுண்ணுயிர் மாசு

குடிநீரால் வரும் தீங்குகளுள் முதன்மையானது மலக்கழிவு கலப்பதால் வருவது. வாந்திபேதி, குடற்காய்ச்சல், சீதபேதி, மஞ்சள் காமாலையின் சில வகைகள், சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகியன இவ்வழியே பரவுகின்றன. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்டுதோறும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கு நோய்களால் இறக்கின்றனர். ஆகவே நீரில் சுண்ணச்சத்து கூடுதலா குறைவா என்று ஆராய்வதற்கு முன், அதில் மலக்கிருமி உள்ளதா என்றே கேட்க வேண்டும். உப்புநீர் உடனே ஆளைக் கொல்வதில்லை. கிருமி கலந்த நீர் ஒரே வாரத்தில் ஒரு தெருவையே படுக்கையில் தள்ளக்கூடும்.

நீரை வடிகட்டுவதன் பயன் 1892 ஆம் ஆண்டு செருமனியில் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டது. ஆம்பர்கு நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் வழங்கி வந்தது. அதை ஒட்டிய அல்தோனா நகரம் அதே ஆற்றில், ஆம்பர்கின் கழிவு கலந்த பின்னர் உள்ள கீழ்ப்பகுதியிலிருந்து நீர் எடுத்தாலும், மணற்படுகையில் வடித்து வழங்கியது. அவ்வாண்டில் ஆம்பர்கில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாந்திபேதியால் இறந்தனர். அல்தோனா பெருமளவு தப்பியது. ஒரே தெருவின் ஒரு பக்கம் ஆம்பர்கின் நீரும் மறுபக்கம் அல்தோனாவின் நீரும் பெற்ற இடங்களில் கூட இவ்வேறுபாடு காணப்பட்டது.

குளோரினைத் தொடர்ந்து கலந்து நீரைக் கிருமி நீக்கும் முறை இங்கிலாந்தின் இலிங்கன் நகரில் 1905 இலும், அமெரிக்காவின் செர்சி நகரில் 1908 இலும் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தின் மணல் வடிகட்டிகள் 1914 முதல் செயற்பட்டன. குழாய்நீரில் வரும் குளோரின் வாடையைப் பலர் வெறுக்கின்றனர். உண்மையில் அந்த மெல்லிய வாடை, நீர் குழாய் வழியே வரும்போது கலக்கக்கூடிய கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் இன்னும் எஞ்சியிருக்கிறது என்பதன் அடையாளமாகும். நீரைத் திறந்த பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்தால் வாடை அகன்றுவிடும். குளோரின் நீரிலுள்ள கரிமப் பொருட்களோடு வினைபுரிந்து சில துணைவிளைபொருட்களை உண்டாக்குவது உண்மையே. எனினும் அவற்றுக்கு அஞ்சிக் கிருமி நீக்கலைக் குறைத்துவிடக் கூடாது என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

கரைந்துள்ள நச்சுகள்

கிருமிக்கு அடுத்த நிலையில் வருபவை, நிறமோ மணமோ சுவையோ இன்றி நீரில் கரைந்திருக்கும் நச்சுப் பொருட்கள். இவை பெரும்பாலும் நிலத்தடி நீரில் காணப்படுகின்றன. பல ஆண்டுகள் கழித்தே இவற்றின் தீங்கு வெளிப்படும் என்பதால், நீரைப் பருகுவோர் அதை நோயோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதும் அரிது.

புளோரைடு. இது பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைகிறது. சிறிய அளவில் பற்களுக்கு நன்மை தருவது. அளவு மிகும்போது குழந்தைகளின் பற்களில் வெண்திட்டுகளையும் பழுப்புக் கறைகளையும் உண்டாக்கும். நெடுங்காலம் பருகினால் எலும்புகள் இறுகி, முதுகும் மூட்டுகளும் வளையாமல் போகும். இந்தியாவில் இந்நோய் 1937 ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதன்முதலாக மருத்துவ இதழில் விரிவாகப் பதிவு செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டவை. அம்மாவட்டங்களுக்குக் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், சப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013 ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைக் குறைத்தல் என்பது சேர்க்கப்பட்டுள்ளது. இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர்மூலம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வைத்துள்ளது.

இங்குப் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. கொதிக்கவைத்தல் புளோரைடை நீக்காது. நீர் ஆவியாகிக் குறையும் போது புளோரைடு அப்படியே தங்கிவிடுவதால் அதன் செறிவு கூடும். லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் புளோரைடு உள்ள நீரைக் கால் பங்கு வற்றும்வரை கொதிக்கவைத்தால் அது 1.6 ஆகிவிடும், அதாவது உச்ச அளவைத் தாண்டிவிடும். படிகாரம், சுண்ணாம்பு, வெளுப்புத்தூள் ஆகியவற்றைக் கொண்டு புளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை, நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது.

ஆர்சனிக். கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் இதுவே பெரும் சிக்கல். குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்கும் நோக்கோடு, வங்காளதேசத்தில் 1970களிலிருந்து இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அந்நீர் கண்ணாடி போல் தெளிந்திருந்தது, கிருமியும் குறைவு. ஆனால் வண்டல் படிவுகளிலிருந்து கரைந்த ஆர்சனிக் அதில் இருந்தது. மேற்கு வங்காளத்தில் 1983 வாக்கிலும் வங்காளதேசத்தில் 1993 இலும் இது கண்டறியப்பட்டது. பின்னர் ஆய்வு செய்யப்பட்ட கிணறுகளில் நச்சு மிகுந்தவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினர். ஒரு தீங்கை நீக்கப் புகுந்து வேறொன்றைக் காணாமல் விட்டதற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு இல்லை. பருகத்தக்க உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே.

நைட்ரேட்டு. உரமிட்ட வயல்களிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் கிணறுகளுக்குள் இறங்குகிறது. சுண்ணாம்புக் கற்பாறை நிலமான யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைநீர் விரைந்து ஊறி இறங்குவதால், தோட்டக் கிணறுகளின் நீரில் நைட்ரேட்டு மிகுந்திருப்பது நெடுநாளாக ஆய்வாளர்களால் சுட்டப்பட்டு வருகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு இத்தகைய நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தையின் உடல் நீலம் பாயக்கூடும். இங்கும் கொதிக்கவைத்தல் உதவாது. இந்தியத் தர நிர்ணயப்படி இதன் உச்ச அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

உப்பும் கடினத்தன்மையும்

நீரில் கரைந்துள்ள உப்புகள் அனைத்தையும் கூட்டிக் கூறும் அளவு, மக்கள் வழக்கில் டி.டி.எஸ். எனப்படுகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி இது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர்மூலம் இல்லையெனில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இவ்வெண் பெரிதும் சுவையைப் பற்றியது. உலக சுகாதார அமைப்பு இதற்கு உடல்நல அடிப்படையிலான வரம்பு எதையும் வகுக்கவில்லை; 600 வரை சுவை நன்றாயிருக்கும் என்றும் 1000 ஐத் தாண்டும்போது பருகப் பிடிக்காமல் போகும் என்றும் மட்டும் கூறுகிறது.

சுண்ணகம் (கால்சியம்), மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளால் நீர் கடினமாகிறது. கடின நீரில் பருப்பு வேகாது, சவர்க்காரம் நுரைக்காது, பாத்திரத்தில் வெண்ணிறப் படிவு ஏறும். இவை இடையூறுகளே தவிர நோய்கள் அல்ல. கடின நீர் சிறுநீரகக் கல்லை உண்டாக்குகிறது என்னும் பரவலான நம்பிக்கையும் உறுதிப்படவில்லை. போதிய நீர் பருகாமையே கல் உருவாவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

மறுபுறம், கனிமங்கள் நீங்கிய நீர் உடலை நலிவுறச் செய்யும் என்ற அச்சமும் மிகைப்படுத்தப்படுகிறது. லிட்டருக்கு 60 மில்லிகிராம் சுண்ணகம் உள்ள நீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் பருகினால் 120 மில்லிகிராம் கிடைக்கும். ஒரு குவளைப் பாலில் (200 மி.லி.) ஏறத்தாழ 240 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேலும் உள்ளன. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்குத் தேவை 1000 மில்லிகிராம். நன்றாக உண்பவருக்கு நீர் தரும் பங்கு சிறியது. பாலும் கீரையும் கேழ்வரகும் அரிதாகக் கிடைக்கும் வீட்டிலோ அச்சிறு பங்கும் பொருட்படுத்தத்தக்கது. எனவே நல்ல நீரிலிருந்து தேவையின்றிக் கனிமங்களை நீக்குவதில் எந்தப் பயனும் இல்லை.

நீர்மூலங்கள்

நகராட்சிக் குழாய்நீர் நிலையத்தை விட்டுப் புறப்படும்போது பெரும்பாலும் தரமானதே. வழியில்தான் அது கெடுகிறது. நாள் முழுதும் நீர் வராத ஊர்களில், வழங்கல் நின்றதும் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல்கள் வழியே அருகிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மின் இறைப்பியைக் குழாயில் நேரடியாகப் பொருத்தி உறிஞ்சுவோர் இத்தீங்கைத் தெரு முழுவதற்கும் பெருக்குகின்றனர். நீர் வரத் தொடங்கியவுடன் வரும் முதல் சில குடங்களைக் குடிப்பதற்குப் பிடிக்காமல் துணி துவைக்கவோ கழுவவோ பயன்படுத்தும் பழக்கம் ஆகவே அறிவுடையது.

திறந்த கிணறுகள் மேற்பரப்பு மாசுக்கு எளிதில் இலக்காகின்றன. கைப்பிடிச் சுவர், சுற்றிலும் சிமெண்டுத் தளம், மலக்குழியிலிருந்து போதிய தொலைவு ஆகியவை இருந்தாலன்றி அவற்றின் நீரைக் கிருமி நீக்காமல் பருகக் கூடாது. ஆழ்துளைக் கிணற்றில் கிருமி குறைவு. ஆனால் உப்பும் புளோரைடும் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

மழைநீர் இயல்பில் மிகத் தூய்மையானது. புளோரைடோ ஆர்சனிக்கோ கலவாதது. 2003 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் அது பெரும்பாலும் நிலத்தடியில் நீரைச் செலுத்தவே பயன்படுகிறது, குடிக்கச் சேமிக்கப்படுவதில்லை. புளோரைடு மிகுந்த சிற்றூர்களில் கூரை மழைநீரை மூடிய தொட்டியில் சேமித்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்வது செலவு குறைந்த நல்வழியாகும். முதல் மழையில் கூரைத் தூசும் பறவை எச்சமும் கலந்திருப்பதால் அதை வெளியே விட்டுவிட வேண்டும். தொட்டியின் வாய் கொசு புகாதவாறு அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடைத்து விற்கப்படும் நீர் இரு வகைப்படும். ஊற்றிலிருந்து எடுத்து இயல்பு மாறாமல் அடைக்கப்படுவது இயற்கைக் கனிமநீர். கேன்களிலும் பெரும்பாலான குப்பிகளிலும் வருவது இதுவன்று. சுத்திகரித்து அடைக்கப்பட்ட நீரே. மக்கள் பேச்சில் இரண்டும் மினரல் வாட்டர் என்றே வழங்கப்படுவதால் குழப்பம் நிலவுகிறது. இந்நீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2001 இல் கட்டாயமாக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அக்கட்டாயம் நீக்கப்பட்டு, அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்நீரை உயர் இடர் உணவு வகையில் சேர்த்தது. முத்திரையைக் காட்டிலும், கேன் எத்தனை முறை மறுபடி நிரப்பப்பட்டது, உட்புறம் பாசியும் கீறலும் உள்ளதா, மூடியின் உறை கலைக்கப்படாமல் உள்ளதா, கடையில் வெயிலில் அடுக்கப்பட்டிருந்ததா என்பவற்றைப் பார்ப்பது கூடுதல் பயன் தரும். 2024 சனவரியில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குப்பிநீரில் லிட்டருக்குச் சராசரியாக இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய நெகிழித் துகள்களைக் கண்டது. விலை கொடுத்து வாங்கிய நீர் குழாய்நீரினும் தூயது என்று கொள்வதற்கு இல்லை.

தூய்மை செய்யும் முறைகள்

கொதிக்கவைத்தல் மிகப் பழமையானதும் உறுதியானதும் ஆகும். நீர் குமிழியிட்டுத் தளதளவெனக் கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டால் நோய்க்கிருமிகள் அனைத்தும் இறக்கும். இருபது நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது எரிபொருளை வீணாக்கும் அறிவுரை. உயரமான இடங்களில் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடும் என்பதால், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலம் போன்ற ஊர்களில் மூன்று நிமிடம் விடுவது நன்று. இம்முறை உப்பையோ முன்கூறிய கரைந்த நச்சுகளையோ நீக்காது.

புற ஊதாக் கதிர்க் கருவி கிருமிகளை விரைவாகச் செயலிழக்கச் செய்யும். நீர் கலங்கியிருந்தால் துகள்களின் நிழலில் கிருமிகள் தப்பிவிடும். கரித்தூள் வடிகட்டி வாடையையும் குளோரினையும் நீக்குகிறது. உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமிகள் தங்குமிடமாகும். செப்புக் குடத்தில் இரவு முழுதும் வைத்த நீரில் குடற்கிருமிகள் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் குடத்தில் புளிப்பான பானங்களை வைத்தால் செம்பு மிகுதியாகக் கரையும்.

எதிர்ச் சவ்வூடுபரவல் என்பது ஆர்.ஓ. எனப் பரவலாக அறியப்படுகிறது. நீரை மிகு அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் வழியே செலுத்தி உப்புகளைப் பிரிக்கும் முறை இது. இதற்கு உகந்த சவ்வை, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராசனும் 1959 வாக்கில் உருவாக்கினர். 1965 இல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊரில், உவர்ப்பான நிலத்தடி நீரை மக்களுக்கு வழங்க இம்முறை பயன்படுத்தப்பட்டது. சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010 இலும் நெம்மேலியில் 2013 இலும் தொடங்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் இதையே கையாள்கின்றன. ஆக, உப்பு மிகுந்த நீருக்காகப் பிறந்த கருவி இது. புளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட்டு ஆகியவற்றையும் நன்றாக நீக்கும். அத்தகைய ஊர்களில் இதற்கு இணை இல்லை.

உப்பு குறைந்த ஆற்றுநீர் குழாயில் வரும் வீட்டில் இதைப் பொருத்துவதே பொருந்தாத செயல். வீட்டுக் கருவிகள் ஒரு லிட்டர் நீரை வடிக்க இரண்டு முதல் மூன்று லிட்டரைச் சாக்கடைக்குத் தள்ளுகின்றன. 2019 சூலையில் சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவரப்பட்ட சென்னை நகரில், இவ்வீண் எளிதாகக் கடந்து செல்லத்தக்கதன்று. டி.டி.எஸ். 500 க்குக் குறைந்த நீர் வழங்கப்படும் இடங்களில் இக்கருவியைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குக் கூறியது. உற்பத்தியாளர்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றனர். கருவியை ஏற்கெனவே வாங்கியவர்கள், கழிவாக வெளியேறும் நீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

விற்பனைக் காட்சிகள்

வீடு தேடி வரும் கருவி விற்பனையாளர்கள் செய்து காட்டும் சோதனை ஒன்று பலரை அச்சுறுத்தியுள்ளது. இரு குவளைகளில் வீட்டு நீரையும் கருவியின் நீரையும் எடுத்து, மின்சாரம் பாயும் தண்டுகளை அவற்றில் அமிழ்த்துவர். சில நிமிடங்களில் வீட்டு நீர் பழுப்பாகவும் பச்சையாகவும் கலங்கி, அருவருக்கத்தக்க கசடு மிதக்கும். கருவியின் நீர் தெளிவாகவே இருக்கும். உண்மையில் அந்தக் கசடு நீரிலிருந்து வந்ததன்று. தண்டில் உள்ள இரும்பு மின்னாற்பகுப்பால் கரைந்து துருவாகப் படிவதே அது. உப்பு உள்ள நீரில் மின்சாரம் பாயும். உப்பு நீக்கிய நீரில் பாயாது. கருவியின் நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பை இட்டு அதே தண்டுகளை அமிழ்த்தினால் அதுவும் அவ்வாறே கலங்கும். வீட்டில் இச்சோதனை நடக்கும்போது உப்புச் சாடியை எடுத்து வருவது நல்லது.

கையடக்க டி.டி.எஸ். அளவியும் இவ்வாறே தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. அது நீரின் மின்கடத்துதிறனை அளந்து உப்பின் மொத்த அளவை மதிப்பிடுகிறது; அவ்வளவே. கழிவுநீர் சில துளிகள் கலந்த நீரும் அதில் 200 என்று காட்டக்கூடும், நல்ல கிணற்றுநீரும் 700 என்று காட்டக்கூடும். காரத்தன்மை கூட்டிய நீர் குருதியின் அமிலத்தன்மையைப் போக்கும் என்னும் விளம்பரமும் அடிப்படையற்றது. பருகும் நீர் முதலில் சென்று சேர்வது கடும் அமிலம் நிறைந்த இரைப்பையை. குருதியின் காரநிலையை 7.35 முதல் 7.45 வரை காப்பது நுரையீரலும் சிறுநீரகமும்.

ஆய்வும் தெரிவும்

மேற்கண்டவற்றால், நீரை ஒருமுறையேனும் ஆய்வுக்கு உட்படுத்தாமல் கருவி வாங்குவது மருத்துவரைக் காணாமல் மருந்து வாங்குவதை ஒத்தது எனலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி நீரை ஆய்வு செய்துகொள்ளலாம். கிருமி ஆய்வுக்குரிய நீரை ஆய்வகம் தரும் தூய குப்பியிலேயே பிடித்து, விரைவாகச் சேர்ப்பிக்க வேண்டும். சிற்றூர்களில் மலக்கலப்பை அறிய, இந்திய அறிவியலாளர்கள் 1982 இல் வெளியிட்ட எளிய குப்பிச் சோதனை பயன்படுகிறது. நீரை ஊற்றி ஓரிரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கலப்பு உள்ள நீர் கருமையாக மாறும்.

ஆற்றுநீரோ ஏரிநீரோ குழாயில் வரும் வீட்டுக்கு, கொதிக்கவைத்தலோ புற ஊதாக் கருவியோ போதும். ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடோ நைட்ரேட்டோ மிகுந்திருந்தால் மழைநீர், கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய், எதிர்ச் சவ்வூடுபரவல் ஆகியவற்றுள் ஒன்றை நாட வேண்டும். உப்பு மட்டும் கூடுதலாக, ஆனால் வரம்புக்குள் இருந்தால், குடிக்க மட்டும் வேறு நீர் கொண்டு, சமையலுக்கும் பிறவற்றுக்கும் அதையே கொள்ளலாம். வெள்ளக் காலத்தில் எந்த மூலமாயினும் கொதிக்கவைத்தே பருக வேண்டும். கைக்குழந்தை, கருவுற்ற பெண், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் உள்ள வீட்டில் ஐயமுள்ள நீரை நல்ல நாளிலும் கொதிக்கவைப்பது முறை. கருவுற்றோருக்கு நீர்வழி பரவும் ஈ வகை மஞ்சள் காமாலை உயிருக்கே ஊறு விளைக்கக்கூடியது.

சேமிப்பு

நன்கு தூய்மை செய்யப்பட்ட நீர் மீண்டும் மாசுறுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் கையோடு குவளையை முக்கி எடுக்கும்போது விரல்களில் உள்ள கிருமிகள் நீரில் சேர்கின்றன. கொதித்த நீரிலும் வடித்த நீரிலும் குளோரின் எஞ்சியிராததால் அவற்றைத் தடுக்க எதுவும் இல்லை. குறுகிய வாயும் மூடியும் உள்ள குடம், அடியில் குழாய் பொருத்திய பானை, நீண்ட பிடியுள்ள அகப்பை ஆகியன இத்தீங்கைத் தவிர்க்கும். கொதித்த நீரை அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுவது, வேறொன்றில் ஊற்றுவதைவிடப் பாதுகாப்பானது. மண்பானை நீரைக் குளிர்விப்பது அதன் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதால். அது கிருமிகளை நீக்குவதில்லை என்பதால், ஏற்கெனவே தூய்மை செய்த நீரையே அதில் ஊற்ற வேண்டும். பானையின் உட்புறத்தில் கைக்கு வழவழப்பாகத் தட்டுப்படும் படலம் கிருமிகள் தங்கும் இடமாகும். அதை நாரினால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பயன்படுத்த வசதியாகப் பல வீடுகளில் இரண்டு பானைகள் வைத்துக்கொள்கின்றனர்.